ஏழாம் கேள்விக்கு மூன்று கட்டங்கள்

"என் நம்பிக்கைக்கு என்னம்மா, அது பாட்டுக்கு இருக்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதிர் வீட்டுக்காரரை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. மனுஷன் ஆடிப் போயிட்டாரு."

மூன்றாம் மாடித் தையல்காரம்மா உதட்டோரம் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் இதைச் சொன்னார். பென்சில் அக்கா தலையை ஆட்டவில்லை, சிரிக்கவில்லை, "அப்படியா" என்றுகூடக் கேட்கவில்லை. மூன்றுமே விதிப்படி தப்பு. ஏழாம் கேள்விக்கு நேரே 'அப்படியே இருக்கிறது' என்ற நடுக் கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். மற்றவர்களின் நம்பிக்கை பற்றிய எட்டாம் கேள்விக்கு 'குறைந்திருக்கிறது' என்ற கட்டத்தில் இன்னொன்று. மீதிக் கேள்விகளையும் முடித்து நன்றி சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு, நாலடி நடந்து எதிர் வீட்டு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஆடிப் போனவராகத் தெரியவில்லை. கையில் பாதி கடித்த ஆப்பிள் இருந்தது.

"நானா? பாறை மாதிரி இருக்கேன்," என்றார் ஏழாம் கேள்விக்கு. எட்டாம் கேள்விக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எதிர்ல ஒரு அம்மா இருக்காங்க பாருங்க, தைக்கிறவங்க. அந்தச் சேதி வந்ததுல இருந்து மிஷின் சத்தமே சரியில்லை. ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குது. மனசு எங்கேயோ இருக்கு."

அவளுக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் பதினாறு வருடமாக அவள் வேலை. எந்தச் சோப்பு, எந்தப் பற்பசை, எந்தக் கட்சி, எந்த வயதில் முதல் குழந்தை என்று அவள் கேட்காத கேள்வி இல்லை. இயந்திரம் படிக்கிற படிவம் என்பதால் பென்சிலால்தான் நிரப்ப வேண்டும். காதில் எப்போதும் ஒன்றைச் செருகியிருப்பாள். அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பென்சில் அக்கா. அவளை விடப் பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இந்த முறை வந்திருந்ததைப் போல ஒரு படிவத்தை மட்டும் அவள் இதற்கு முன் கையால் தொட்டதில்லை.

சேதி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரத்தின் பக்கத்திலிருந்து வானொலி அலைகள் வருகின்றன என்று விஞ்ஞானிகள் வரிசையாக உட்கார்ந்து சொன்னார்கள். நாற்பத்தொரு நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரே கணக்கில், ஒரே ஒழுங்கில் வந்தன. தானாக நடக்கிற காரியம் இல்லை, யாரோ யோசித்து அனுப்பியது என்று அடித்துச் சொன்னார்கள். என்ன அர்த்தம் என்று மட்டும் தெரியவில்லை. அங்கிருந்து கிளம்பி அறுபத்தேழு வருடம் ஆகியிருந்தது. அனுப்பியவர்கள் எப்படி இருப்பார்கள், இன்னும் இருக்கிறார்களா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது.

முதல் வாரம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். ஏன் விட்டோம் என்று யாருக்கும் சொல்லத் தெரியாததால் இரண்டாம் வாரம் திறந்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் பேருந்தில் பழையபடி இடத்துக்குச் சண்டை போட்டார்கள். அனுப்பியவர்களுக்கு ஜனங்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், தூரத்துக்காரங்க என்று. ஏதோ பெண் எடுத்த வகையில் தூரத்துச் சொந்தம் மாதிரி.

ஜனங்களின் சாமி நம்பிக்கை இதனால் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஒரு பல்கலைக்கழகம் ஆசைப்பட்டது. குலுக்கலில் விழுந்த கட்டடம் ஒவ்வொன்றிலும் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். ஒரு வீட்டில் அடுத்துப் பிறந்தநாள் வருகிற பெரியவர் யாரோ அவரிடம் மட்டும் கேட்க வேண்டும். இருபத்திரண்டு கேள்விகள், இருபது நிமிடம்.

இருநூறு வீடு முடிந்தபோது பென்சில் அக்காவுக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. நூற்றுக்கு எண்பது பேர் என் நம்பிக்கை அப்படியே இருக்கிறது என்கிறார்கள். அதே எண்பது பேரும் மற்றவர்களுக்குத்தான் ஆட்டம் கண்டுவிட்டது என்கிறார்கள். அந்த மற்றவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள்? எல்லாப் படியும் ஏறியாகிவிட்டது, ஒருவரையும் காணோம்.

அலுவலகத்தில் இவளோடு கூடவே சேர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே வர மாட்டாள், அதனால் பெயரே குடை. அவளிடம் இதைச் சொன்னாள்.

"எனக்கும் அதே கதைதான்," என்றாள் குடை. "நேத்து ஒரு வீட்டுல, புருஷன் நல்லா இருக்காராம், பெண்டாட்டி நம்பிக்கை போயிடுச்சாம். அந்தம்மா அடுப்படியில நின்னு நம்மளைப் பாத்துக் கையை ஆட்டுது, அவரை நம்பாதே, அவருக்குத்தான் போயிடுச்சுன்னு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பென்சில் அக்காவுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. தன்னிடம் யாராவது ஏழாம் கேள்வியைக் கேட்டால், தானும் யோசிக்காமல் 'அப்படியே இருக்கு' என்றுதான் சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். அது பொய் என்பதும் தெரியும்.

வாரம் தவறாமல் வழிபாட்டுக் கூடத்துக்குப் போகிறவள் அவள். பெரிய வேண்டுதல் எதுவும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு அந்த வாரக் கணக்கை ஒப்பிப்பாள். மகள் விடுதியில் சரியாகச் சாப்பிட வேண்டும், முட்டிவலி படியேறும் வரையாவது பொறுக்க வேண்டும், இப்படி. பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசுவது போல இருக்கும். சேதி வந்த பிறகு கண்ணை மூடினால் அது நடக்கவில்லை. தன் வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை நிற்பது போலத் தோன்றியது. தூரத்துக்காரர்களுக்கு மூடிக்கொள்ளக் கண் உண்டா? அவர்களும் சாமியிடம் கேட்பார்களா? அவர்கள் கேட்பதும் தன் முட்டிவலியும் ஒரே இடத்துக்குத்தான் போகிறதா? பயம் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் எண்ணம் எங்கெங்கோ போய், கடைசியில் ஒன்றுமே கேட்காமல் எழுந்து வந்துவிடுவாள்.

இதை வீட்டில் சொல்ல முடியாது. அவள் கணவருக்குப் பிரிட்ஜ் பழுது பார்க்கிற கடை. இருபது வருடமாக அவளை வண்டியில் கொண்டுவந்து கூடத்து வாசலில் இறக்கிவிடுவார். உள்ளே வந்ததில்லை. எதிரில் வண்டியை நிறுத்திக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். அவள் வெளியே வரும்போது கேட்க அவரிடம் ஒரு கேலி உண்டு. "என்ன, லைன் கிடைச்சுதா? எடுக்காத நம்பருக்கு நீயும் எத்தனை வருஷமாத்தான் போன் போடுவே?" அவள் ஒரு முறை முறைப்பாள். வண்டி கிளம்பும். அவரிடம் போய் எனக்கே இப்போது குழப்பமாக இருக்கிறது என்றால், அந்தக் கேலிக்கு இன்னும் இருபது வருடத்துக்குத் தீனி போட்டது போல ஆகிவிடும்.

கணக்கெடுப்பின் மூன்றாம் வாரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் போனாள். கடைக்கு மேலேயே வீடு. ஏழாம் கேள்வியைப் படித்ததும் மூன்று கட்டத்தையும் காட்டச் சொன்னார். காட்டக் கூடாது, படிக்கத்தான் வேண்டும் என்றாள்.

"சரி, படிங்க."

"கூடியிருக்கிறது, அப்படியே இருக்கிறது, குறைந்திருக்கிறது."

"மாறியிருக்குன்னு ஒண்ணு இல்லையா?"

"இல்லை சார்."

"பாருங்கம்மா, ஒருத்தர் என்கிட்ட வராரு. கண்ணு அதே கண்ணுதான். பவர் மாறிடுச்சு. பழைய கண்ணாடியில பாத்தா எழுத்து கலங்குது. அதுக்காகப் பார்வை கூடிடுச்சுன்னு சொல்வீங்களா, குறைஞ்சுடுச்சுன்னு சொல்வீங்களா? எனக்கு அப்படித்தான் ஆயிருக்கு. சாமி நம்ம ஊருக்கு மட்டும் ஆள்னு நினைச்சிருந்தேன். இப்ப புதுக் கண்ணாடி வேணும். இன்னும் அளவு எடுக்கலை."

அவளுக்கு அந்த இடத்திலேயே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் அதேதான் சார் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. சொல்லவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் அவர் பேசியதை அப்படியே எழுதிக்கொண்டாள். கட்டத்தில் எதையும் போடவில்லை.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் அந்தப் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். இவளை விடப் பத்து வயது இளையவர், நல்ல பிள்ளை, ஆனால் காலி இடத்தைக் கண்டால் தாங்க மாட்டார்.

"அக்கா, ஏழு காலியா இருக்கு."

"அவர் சொன்னது மூணுலயும் அடங்கலை. பின்னாடி எழுதியிருக்கேன்."

"மிஷின் பின்னாடி படிக்காதுக்கா."

"நீங்க படிச்சீங்களா?"

அவர் திருப்பிப் படித்தார். இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான் சொல்லியிருக்காரு," என்று முனகிவிட்டு, காலியாகவே அடுக்கில் வைத்தார். பிறகு, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார். "உங்க கட்டடம் குலுக்கல்ல விழுந்திருக்குக்கா. நீங்க போகக் கூடாது. குடை அக்கா போவாங்க."

அவர்கள் வீட்டில் அடுத்துப் பிறந்தநாள் வருவது கணவருக்குத்தான். இவருக்கு இருபது நிமிடம் எதற்கு, நாலு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். எந்தக் கேள்விக்கும் இரண்டு வார்த்தைக்கு மேல் சொல்லாத மனுஷன். எப்படி இருந்தது குழம்பு என்றால் இருந்தது என்பார். ஏழாம் கேள்விக்கு என்ன சொல்வார்? இருந்தால்தானே கூடவும் குறையவும் என்பார்.

குடை சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனாள். பென்சில் அக்கா விதியை மதித்து மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். பத்தரைக்குத் திரும்பி வந்து தெருமுனையில் நின்று பார்த்தால், குடையின் செருப்பு இன்னும் வாசலில் கிடந்தது. இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். பத்து ஐம்பதுக்குத்தான் குடை வெளியே வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. அழுத முகமும் இல்லை, சிரித்த முகமும் இல்லை.

"ஐம்பது நிமிஷம் என்னடி பேசினாரு?"

"சொல்ல மாட்டேன். நீயும் கேக்காதே. விதி உனக்குத் தெரியும்."

"நீ டீ குடிச்சிருப்பே."

"டீ குடிக்கவும் இல்லை," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மத்தியானம் கணவர் வழக்கம் போலச் சாப்பிட்டார், வழக்கம் போலக் கடைக்குப் போனார். ஐம்பது நிமிடம் பேசிய ஆள் மாதிரியே இல்லை. சாதம் போடும்போது ஒரு தடவை, "உங்க ஆபீஸ் அம்மா நல்லாக் கேக்குறாங்க," என்றார். அவ்வளவுதான். அவளுக்கு இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. ஒரு வீட்டில் ஆறாம் கேள்வியை இரண்டு முறை கேட்டுத் திட்டு வாங்கினாள்.

புதன்கிழமை அலுவலகத்தில் சரிபார்க்கிற முறை அவளுக்கு வந்தது. விடுபட்ட பக்கம் இருக்கிறதா, பெயர் எதுவும் எழுதியிருக்கிறதா என்று கட்டுக் கட்டாகப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போய்விட்டார்கள். நாலாவது கட்டின் நெற்றியில் தன் கட்டட எண்ணைப் பார்த்தாள். அதைத் தனியே எடுத்து வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். ஏழு வீடு, ஏழு படிவம். தன் வீடு எது என்று வீட்டு எண் சொல்லிவிடும்.

இத்தனை வருடத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் அவள் சொன்னதில்லை. யார் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார் என்பது முதல் யாருக்கு எத்தனை முறை கரு கலைந்தது என்பது வரை எல்லாம் அவளோடு போய்விடும். அதுதான் அவளுக்கு இருந்த கர்வம். அந்தக் கர்வத்தை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டுப் படிவத்தை உருவினாள்.

ஏழாம் கேள்விக்கு நேரே, முதல் கட்டத்தில், குடையின் அழுத்தமான பென்சில் டிக். கூடியிருக்கிறது.

பின்பக்கம் முழுக்கப் பொடிப் பொடியாக எழுத்து தெரிந்தது. அவள் படிக்கவில்லை. சூடான பாத்திரத்தைத் தொட்டவள் போலச் சட்டென்று மூடி, கட்டில் திணித்து, மேலே இன்னொரு கட்டை வைத்தாள். இருபது வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவரிடம் கேட்க வேண்டியதை ஒரு காகிதத்திடம் திருட்டுத்தனமாகக் கேட்டாயிற்று. அதுவும் பாதிதான் கிடைத்தது.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போனாள்.

அவர் தரையில் உட்கார்ந்து ஒரு பிரிட்ஜின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் திருகுகளைப் போட்டு வைத்த கிண்ணம். இந்த நேரத்தில் அவளைப் பார்த்ததும், "மகளுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"அவ நல்லா இருக்கா. நான்தான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு திருகு கிண்ணத்தில் விழுந்தது. மூன்றாவது வரவில்லை, விட்டுவிட்டார்.

"பின்பக்கம் படிச்சியா?"

"இல்லை. ஏழாவது மட்டும்."

"ஏன் படிக்கலை?"

"வெக்கமாப் போச்சு."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "என்கிட்ட கேட்டிருக்கலாம்ல," என்றார் கடைசியில். "அந்தம்மா கேட்டாங்க, சொன்னேன். நீ கேட்டா நான் என்ன சொல்ல மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

"நீங்க எதையுமே சொல்றதில்லையேங்க."

"நீ கேட்டது குழம்பைப் பத்தி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்தார். எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பிரிட்ஜின் மேலேயே சாய்ந்து நின்றார்.

"கூடியிருக்குன்னு போட்டாங்க. அது அவங்க கணக்கு. சைபர்ல இருந்து கால் ஆனாலும் கூடினதுதானே, அதனால போடுங்கன்னு சொன்னேன். சாமி இருக்குன்னு நான் சொல்லலை. அந்தச் சேதி வந்த அன்னைக்கு ராத்திரி டிவியில சொன்னாங்க பாரு, அறுபத்தேழு வருஷம் முன்னாடி அனுப்பினதுன்னு. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு ஒரே நினைப்பு. அன்னைக்கு இங்க நாம யாரும் பொறக்கலை. இந்தப் பக்கம் ஆள் இருக்கா, காது இருக்கா, ஒண்ணும் தெரியாது. ஆனா நாப்பத்தொரு நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்லிட்டே இருந்திருக்காங்க. எடுக்காத நம்பருக்கு."

அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அவ்வளவு புத்திசாலிங்க. நம்மளை விட எத்தனையோ மடங்கு. அவங்களே, யாராவது கேக்குறாங்களா இல்லையான்னு தெரியாம பேசியிருக்காங்கன்னா, அது முட்டாள்தனமா இருக்காதுல்ல? அப்பத்தான் உன் ஞாபகம் வந்துது. இருபது வருஷமா நான் வாசல்ல நின்னு கிண்டல் பண்ணது." அவர் பிரிட்ஜின் மேலே இருந்த தூசியை விரலால் தள்ளினார். "அதைத்தான் அந்தம்மாகிட்ட சொன்னேன். சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த முடியலை. எங்க அப்பாவைப் பத்தி எல்லாம் சொல்லிட்டேன்."

"அப்பாவைப் பத்தி என்ன?"

"அவர் போனப்புறம் ஒரு வருஷம் அவர் நம்பருக்கு நான் போன் போட்டுட்டு இருந்தேன். ரிங் போகும். அப்புறம் அந்த நம்பரை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க, ஒருநாள் ஒரு பொண்ணு எடுத்தா. அதோட விட்டுட்டேன்."

இருபது வருடத்தில் அவளுக்குத் தெரியாத விஷயம். மாமனார் போன வருடம் கணவர் கடையை லேட்டாகப் பூட்டிவிட்டு வந்தது ஞாபகம் இருக்கிறது. வேலை அதிகம் என்றுதான் நினைத்திருந்தாள்.

வெளியே யாரோ ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். அவர் அவளைப் பார்த்துக் கேட்டார். "சரி, இப்ப நீ சொல்லு. ஏழாவது கேள்வி."

"எனக்கா?"

"ஏன், உனக்கு மட்டும் பிறந்தநாள் வராதா?"

அவள் வாயைத் திறந்தாள். 'அப்படியே இருக்கு' நாக்கு நுனி வரை வந்தது. காதிலிருந்து பென்சிலை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். பிறகு சொன்னாள், முன்னும் பின்னுமாக. கண்ணை மூடினால் பின்னால் நிற்கிற வரிசையைச் சொன்னாள். முட்டிவலியைக் கேட்கவே கூச்சமாக இருப்பதைச் சொன்னாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொன்னதையும் சொல்லிவிட்டு, அது தான் வெளியே சொல்லக் கூடியது அல்ல, இன்னொரு விதியையும் மீறிவிட்டோம் என்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"குறைஞ்சிருக்குன்னு சொல்றியா?" என்றார் அவர். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இல்லைங்க. முன்னாடி ஒரு சின்ன ரூம்ல இருந்துது. இப்ப சுவரைக் காணோம். பேசினா குரல் எங்க போகுதுன்னே தெரியலை."

"அது பயமா இருக்கா?"

"இல்லை. எங்க போகுதுன்னு பாக்கணும் போல இருக்கு."

அன்று சாயங்காலம் வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். திருகுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு தூரத்துக்காரர்களுக்குச் சாவு உண்டா என்பதில் தொடங்கி, அவர்களுக்குக் குளிர்பெட்டி தேவைப்படுமா என்பது வரை போயிற்று. குளிரான ஊராக இருந்தால் தன் தொழில் அங்கே செல்லாது என்றார் அவர்.

மறுநாள் காலை அவள் மேற்பார்வையாளரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது.

"ஏன்க்கா என்கிட்ட சொன்னீங்க? சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"அதான் சொன்னேன்."

வீட்டார் கண்ணில் பட்ட படிவம் செல்லாது. அவர் அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார். மூன்று வாரம் அவளைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தார். எழுத்தில் எதுவும் வைக்கவில்லை. குடை இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் மழையில் இவள் பக்கமாகக் குடையைச் சாய்த்துப் பிடித்தாள். அதோடு சரி.

இதில் அதிகம் வருத்தப்பட்டது கணவர்தான். "ஐம்பது நிமிஷம் உக்காந்து சொல்லியிருக்கேன், செல்லாதா? வேணும்னா இன்னொரு தரம் வந்து கேக்கச் சொல்லு," என்று வீட்டில் இரண்டு நாள் முறையிட்டுக்கொண்டிருந்தார். விதியில் அதற்கும் இடமில்லை.

இரண்டு மாதம் கழித்து முடிவு பத்திரிகையில் வந்தது. தூரத்துக்காரர் சேதியால் மக்களின் நம்பிக்கையில் பெரிய மாற்றம் இல்லை, எண்பத்தொரு சதவீதம் பேர் அப்படியே இருக்கிறார்கள். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் விரித்திருந்த தாளில் அவள் அதைப் படித்தாள். அந்தப் பெரியவர், "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலை," என்றார் அவளிடம். தலையை ஆட்ட இப்போது எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனாலும் அவள் ஆட்டவில்லை. எண்பத்தொன்றில் எத்தனை பேர் தன்னைப் போல நாக்கு நுனியில் வைத்திருந்ததைச் சொன்னவர்கள் என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டாள்.

அதே மாதம் ஒரு வேலை நாளின் மத்தியானம், கணவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, "கூட்டம் இல்லாத நேரத்துல உள்ள விடுவாங்களா?" என்று கேட்டார்.

விடுவார்கள். கூடத்தில் காவல்காரரும் இரண்டு பெண்களும்தான் இருந்தார்கள். எங்கே உட்காருவது என்று அவர் கேட்டார். எங்கே வேண்டுமானாலும் என்றாள். அது அவருக்குப் போதவில்லை. மூன்று இடம் மாறி, ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கண்ணை மூடினாள். வரிசை நின்றுகொண்டுதான் இருந்தது. இந்த முறை அவள் திரும்பிப் பார்க்க முயன்றாள். முகம் எதுவும் தெரியவில்லை, ஆனால் நெடுக நிற்பது தெரிந்தது. முட்டிவலியைச் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். பின்னால் நிற்பவர்களுக்கும் என்ன கேட்கிறார்களோ அதைக் கொடு என்றாள். அது சரியா என்று தெரியவில்லை, அவர்கள் எதைக் கேட்கிறார்களோ யார் கண்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் காலடிச் சத்தம்.

கண்ணைத் திறந்தால் தூணோரம் ஆளைக் காணோம். வெளியே வராந்தாவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளும் வெளியே வந்தாள். வண்டியை எடுக்கும்போது கேட்டாள், "என்ன சொன்னீங்க உள்ள?"

"பேரைச் சொன்னேன். என்ன தொழில்னு சொன்னேன். அதுக்குள்ள போன் வந்துடுச்சு."

"யாரு?"

"ஐஸ்கிரீம் கடைக்காரர். மிஷின் நின்னுடுச்சாம், எல்லாம் உருகுதாம்." அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். "ஏறு, போற வழியில உன்னை இறக்கிவிட்டுடுறேன்."